தொடக்கப் பள்ளியும் பண்ணும்

திருமுறைகளைத் தேடிக் கண்ட வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததொன்று. தில்லையில் பூட்டிக் கிடந்த அறை திறக்கப்பட்டதும், கறையான் அரித்தன போக எஞ்சிய ஏடுகள் எடுக்கப்பட்டதும், நம்பியாண்டார் நம்பிகள் அவற்றை முறை செய்ததும் மேடைதோறும் எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயின் அவ்வரலாறு அவ்வளவில் முடிந்திலது. ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. பாட்டின் எழுத்தெல்லாம் கண்முன்னே இருந்தும் அதனைப் பாடுமாறு அறிந்தார் எவரும் இலராயினர். வேந்தனும் நம்பிகளும் மீட்டும் இறைவன் திருமுன்னர் வேண்டி நிற்ப, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிற் பிறந்த பெண்ணொருத்தியை நாடுமாறு அருள் கிடைத்தது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அப்பெண் ஏடு எதனையும் கொண்டு வந்திலள். தன் முன்னோர் பாடக் கேட்டுக் கேட்டுத் தன் செவியிலும் மிடற்றிலும் தங்கியிருந்ததனையே கொண்டு வந்தாள். அவள் பாடிக் காட்டிய வழியே பதிகங்கட்குப் பண் வகுக்கப்பட்டது.

இதனால் அறியப்படுவது யாது? சொல்லை ஓலை காக்கும். ஓலை அழியின் மற்றோர் ஓலை காக்கும். இக்காலத்து அச்சுப் பொறி அதனினும் நன்றாகக் காக்கும். பண்ணைக் காப்பது செவி ஒன்றே. ஒரு தலைமுறையின் செவி அடைத்துப் போமாயின், அடுத்த தலைமுறைக்குக் கிடைப்பது பண்ணின் பெயரேயன்றிப் பண் அன்று. இவ்வுண்மையை மனத்துட் கொண்டு இந்நாளை அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டு என்னும் பொருள் எவ்வாறு நடத்தப்படுகின்றது என்று பார்ப்பார்க்கு, தில்லைத் திருவறையின் முன் நின்றாரது நிலையே நினைவுக்கு வரும். பாட நூலிற் பாட்டு உண்டு. அதன் பொருள் உண்டு, அருஞ்சொல் உண்டு, பயிற்சி வினா உண்டு, பிரித்தெழுதுக, சேர்த்தெழுதுக என்பன உண்டு. அப்பாட்டைப் பாடுதல் மட்டும் ஆசிரியரது விருப்பத்தையும் தொண்டையையும் பொறுத்ததாய் விடப்பட்டுள்ளது.

இக்குறைபாட்டை ஆராய்வதற்கு நாஞ்சில் நாடு தக்கதோர் இடம். அகத்தீசுவரம், தோவாளை என்னும் இரு வட்டங்களையும் தன்னகத்தே கொண்ட இவ்வயல் நாடு, திருவிதாங்கூர் அரசிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி அரசிலும் அடங்கியிருந்து, 1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாய்த் தமிழ்நாட்டோடு இணைந்தது. பாடல் பெற்ற தலங்கள் 274-இல் ஒன்றேனும் இந்நாட்டில் இல்லை. மலைநாட்டுக்கு உரியதாக எண்ணப்படும் திருவஞ்சைக்களமோ நெடுந்தொலைவில் உள்ளது. மூவர் திருவடி படிந்த சோழ நாட்டார்க்கு உள்ள ஓதுவார் மரபின் வளம் நாஞ்சில் நாட்டார்க்கு இயல்பாக வாய்த்ததன்று. எனினும் இந்நாட்டில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடை நாளில் வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் இயைந்து இரவெல்லாம் முழங்கும் வில்லுப்பாட்டில், முன்பாட்டுக்காரர் பாட்டெடுத்துக் கொடுக்கப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் முறை, எழுத்தறியாத சிறுவனுக்கும் தாளத்தைக் கற்றுக் கொடுத்துவிடும். நாகர்கோவிலைச் சார்ந்த வடிவீசுவரத்தில் 1839-இல் தோன்றிய நீலகண்ட சிவனார் இயற்றிய சிவபத்திக் கீர்த்தனங்கள் தமிழிசை மேடைகளில் இன்றும் பாடப்படுகின்றன. அவர் வழியில் ஊன்றியே பாபநாசம் சிவனார் வளர்ந்தார் என்பது இசை வரலாறு கற்றார் அறிந்தது.

நீலகண்ட சிவனார்க்குப் பின் வந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள். 1876-இல் தேரூரில் தோன்றிய இப்பெரியார் சிறுவராயிருந்த காலத்தில், ஆட்சியின் காரணமாகப் பள்ளியிற் கற்க நேர்ந்தது மலையாளம். தமிழை அவர் பெற்றது, ஊரையடுத்த வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை ஆதீனத்து மடத்தில், சாந்தலிங்கத் தம்பிரானவர்களிடம். அரசுப் பள்ளி கொடுக்கத் தவறியதனைச் சைவ மடம் கொடுத்தது என்னும் இச்செய்தி சைவர்கள் பெருமிதம் கொள்வதற்கு மட்டும் உரியதன்று. பின்னர்க் கூறப்போகும் ஒன்றற்கு அடிப்படையாயும் உள்ளது. கவிமணியவர்கள் ஆசிரியராகவே நெடுங்காலம் வாழ்ந்து 1931-இல் ஓய்வு பெற்றார். 1938-இல் வெளிவந்த மலரும் மாலையும் என்னும் தொகுதியிலுள்ள குழந்தைப் பாட்டுக்கள் வகுப்பறையை அறிந்த ஒருவராலன்றி இயற்றப்படக் கூடாதவை. பசுவையும் கன்றையும் பற்றிய அவரது சிறு பாட்டு தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரவியது. தேவியின் கீர்த்தனங்கள் என்று தனியே இசைப்பாடல்களும் செய்தவர் அவர். ஆதலின் குழந்தைக்கென்று அவர் செய்த பாட்டு வாயாற் படிப்பதற்கன்றிப் பாடுவதற்கே என்பதில் ஐயம் வேண்டா.

கவிமணியின் குழந்தைப் பாட்டுக்களைப் பற்றி எழுதுவோர் பலரும் அவற்றின் எளிமையைப் பாராட்டுகின்றனர். எளிமை என்று அவர் கூறுவது சொல்லின் எளிமையை. உண்மையில் அப்பாட்டுக்களின் ஆற்றல் சொல்லில் உள்ளதினும் நடையில் மிகுதியாக உள்ளது. அடி சிறிதாய், சீர் ஒத்ததாய், மூச்சு முடியுமிடத்தே அடி முடிவதாய் அவை அமைந்துள்ளன. ஐந்து வயதுக் குழந்தையின் மூச்சு எத்துணை நீளும் என்பதை அளந்து வைத்துச் செய்தாற் போன்றது அவ்வமைப்பு. பாடாமற் படிக்கும்பொழுது இவ்வமைதி முழுதும் மறைந்துபோகின்றது; எஞ்சுவது பசு என்ன செய்தது, கன்று என்ன செய்தது என்னும் செய்தி. அச்செய்தியைக் குழந்தை பள்ளிக்கு வருமுன்னரே தொழுவத்திற் கண்டிருக்கும். அதன்மேல் வினா எழுப்பி விடை எழுதச் செய்வது, கரும்பைப் பிழியாது அதன் தோகையைத் தின்னக் கொடுப்பதை ஒக்கும்.

பழைய திண்ணைப் பள்ளியில் இக்குறை இருந்ததில்லை. நாஞ்சில் நாட்டில் ஆசான் என்றும் பிற இடங்களில் கணக்காயர் என்றும் அழைக்கப்பட்டவர், மணலில் எழுத்தை எழுதுவித்த கையோடு அதனை ஓசையாகவும் சொல்லுவித்தார். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் ஒருவன் முன்சொல்ல ஏனையோர் பின்சொல்ல ஓதப்பட்டன. அப்பள்ளியின் குறைகள் பல: எல்லாக் குலத்துப் பிள்ளைகட்கும் அதன் திண்ணை இடங் கொடுத்ததில்லை, பெண் பிள்ளைகட்கு அது பெரும்பாலும் மூடியிருந்தது, பிரம்பு அங்கே அளவுக்கு மிஞ்சி ஆடியது. அவற்றை மறைத்துப் பழமையைப் புகழ்தல் நேர்மையன்று. பொதுப் பள்ளி அக்கதவுகளைத் திறந்தது, அது பெருந்தொண்டு. திறந்த பள்ளியில் ஓசை மட்டும் ஏன் வெளியேறியது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

காரணத்தைச் சட்டத்திலேயே காணலாம். 2009-ஆம் ஆண்டில் நாடு முழுதுக்கும் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 100 பிள்ளைகட்கு மேற்பட்ட பள்ளிக்குக் கலைக்கல்வி, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கின்றது. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கோ, 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர் என்றாற் போன்ற தலைக்கணக்கே உண்டு. கலைக்கெனத் தனியொருவர் இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்க ஊதியம் திங்களுக்கு 5,000 ரூபாய். ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணினி முதலிய பலவற்றுள் இசையும் ஒன்றாயிற்று. அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகட்கே உரியர். செவி மென்மையாய் இருக்கும் ஐந்து முதல் பத்து வயது வரை இசை இல்லை. அது முற்றிய பின்னர், அதுவும் வாய்த்த இடங்களில் மட்டும், இசை உண்டு. நாற்று விட வேண்டிய பருவத்தில் நிலத்தைத் தரிசாக விட்டுக் கதிர் வாங்கும் பருவத்தில் விதைப்பவனை நாஞ்சில் நாட்டு உழவர் என் சொல்லுவர் என்பது வெளிப்படை.

சைவ சித்தாந்தம் கூறும் உயிரியல்போடு இதனை வைத்துப் பார்த்தல் தகும். உயிர் சார்ந்ததன் வண்ணமாதலை உடையது. அதற்குத் தனு கரணங்கள் தரப்பட்டது, இருளில் இருப்பார்க்கு விளக்குக் கொடுத்தது போல, அறிவு விளங்குதற் பொருட்டு. செவியும் நாவும் அக்கருவிகளுட் சேர்ந்தவை. கருவி தரப்பட்டும் தொழிற்படாதிருப்பின் அது விளக்குக்கு நெய் வார்க்காததையே ஒக்கும். இனி, செவி வாளா இருப்பதும் இல்லை. பள்ளி ஒன்றும் கொடாவிடத்து, கைப்பேசியும் விழாப் பந்தலின் ஒலிபெருக்கியும் கொடுப்பதனைச் செவி சாரும். உயிர் அதன் வண்ணமாகும். திரைப்பாட்டெல்லாம் இழிந்தது என்று கூறுவாரும் உளர். அது மிகைக் கூற்று. அப்பாட்டுள்ளும் நல்ல பண்ணமைதி உடையன பல. குறை பாட்டில் இல்லை. பிள்ளை அதனைக் கேட்கின்றதேயன்றிப் பாடுவதில்லை என்பதிலேதான் குறை. ஆண்டு விழாக்களைக் காண்பார் இதனைத் தெளிவர். ஒலிப்பதிவு முழங்குகின்றது, பிள்ளைகள் கை காலை அசைக்கின்றனர், வாய் மூடியே இருக்கின்றது. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாட நூல்களில் குறியீட்டுப் படங்கள் அச்சிடப்பட்டன. அவற்றின் வழியே ஒளி ஒலிப் பாடங்களைக் கைப்பேசியிற் காணலாம். நல்ல ஏற்பாடே. ஆயின் ஆசிரியர் கைப்பேசியைப் பாடவிட்டுத் தாம் வாளாவிருப்பராயின், மூடிய வாய் மூடியபடியே இருக்கும்.

நாத தத்துவத்தை இங்கு இழுத்து வந்து பள்ளிப் பாட்டுக்குப் பெருமை தேடுவாரும் உண்டு. அவர் சற்றே நிதானித்தல் நன்று. சுத்த மாயையிற் றோன்றும் நாதம் வேறு. வானின் பண்பாய்ச் செவிக்குப் புலனாகும் ஓசை வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது சித்தாந்தத்துக்கும் நன்றன்று, இசைக்கும் நன்றன்று. இவ்வாறே, இசை கற்ற பிள்ளை கணக்கில் தேறும், நினைவாற்றலில் வல்லதாகும் என்று காட்டி இசைக்கு இடந் தேடும் கல்வியாளரது வழக்கும் முழுதும் கொள்ளத்தக்கதன்று. 1838-இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் லோவெல் மேசன் என்பாரது முயற்சியால் பாட்டு முறையான பாடமாக்கப்பட்டபொழுது, அதனை ஆராய்ந்த குழு அறிவு, ஒழுக்கம், உடல்நலம் என்னும் மூவகைப் பயனையும் காட்டியே பரிந்துரைத்தது. அன்று முதல் இன்று வரை இசைக்கு வேறொன்றன் பயனைச் சான்றாகக் காட்டும் வழக்கம் தொடர்கின்றது. கணக்கின் பொருட்டு இசை என்றால், கணக்குக்கு வேறு எளிய வழி கண்ட அன்றே இசையைத் தள்ளிவிடலாம். பாடும் குழந்தை பாடுதலாகிய நன்மையையே பெறுகின்றது, அது போதும். காந்தியடிகளது ஆதாரக் கல்வித் திட்டத்தை 1937-இல் வகுத்த சாகீர் உசேன் குழுவினர் கைத்தொழில், தாய்மொழி, கணக்கு இவற்றோடு இசையையும் பாடத்திட்டத்தில் சேர்த்தனர். நூற்கின்ற கைக்குச் சோறு உண்டு, பாடுகின்ற வாய்க்கு என்ன உண்டு என்று அவர்கள் வினவியிலர்.

பாடுதலைப் பொதுப் பள்ளியின் உயிர்நாடியாகவே ஆக்கிக் காட்டியவர் அங்கேரி நாட்டு இசையறிஞர் சொல்தான் கொடாய். அவரது நெறியைத் தழுவி 1950-இல் கெச்சுகெமேத் என்னும் ஊரில் ஒரு பாடும் தொடக்கப் பள்ளி நிறுவப்பட்டது. விலையுயர்ந்த கருவியை அவர் வேண்டிலர். பிள்ளையின் குரலே முதற் கருவி. அதன் தாய்மொழி நாட்டுப் பாட்டே முதற் பாடம் என்பது அவர் கொள்கை. வில்லுப்பாட்டும் தாலாட்டும் நடவுப் பாட்டும் கும்மியும் உடைய நாஞ்சில் நாட்டுக்கு இக்கொள்கை புதிதாகத் தோன்ற வேண்டுவதில்லை.

இனி, நாஞ்சில் நாட்டார் சிலர் எல்லைக்கு அப்பால் நோக்கி ஏங்குவதுண்டு. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்து மூன்று திங்கள் நிறையுமுன்னரே, 1957 சனவரியில், கேரளத்துப் பள்ளிக் கலைவிழா எர்ணாகுளத்தில் தொடங்கப்பட்டது. அது பெருவிழாவாக வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் 2022 முதல் கலைத் திருவிழா நடத்தப்படுகின்றது. இவை நல்ல குரல் உடைய பிள்ளைகளை வெளிக்கொணர்வது உண்மை. ஏழைப் பிள்ளையொன்று மேடையேறிப் பரிசு பெறுவதைக் கண்டு மகிழாதார் யார்? எனினும் போட்டி வேறு, கல்வி வேறு. நூறு பிள்ளைகளுள் ஒருவனைத் தெரிந்தெடுத்து அவனுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பும்பொழுது, எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மர் தமக்குக் குரல் இல்லை என்னும் பாடத்தையே கற்கின்றனர். அவர்கள் வளர்ந்து தாயரும் தந்தையரும் ஆங்கால், தொட்டிலில் இட்ட குழந்தைக்குப் பாடுதற்கும் நாணுவர். எழுத்தறிவில், நூற்றுக்கு ஒருவன் நன்றாக எழுதினான் என்று எவரும் மனநிறைவு கொள்வதில்லை. இசையில் மட்டும் அவ்வாறு கொள்கின்றனர்.

யாதொரு செலவும் இன்றி, எல்லாப் பிள்ளைகளும் நாள்தோறும் பாடும் பாட்டு ஒன்று ஏற்கெனவே பள்ளியில் உள்ளது. அது தமிழ்த்தாய் வாழ்த்து. அதனை மனோன்மணீயத்தின் பாயிரமாக 1891-இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பேராசிரியர். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளின் மாணாக்கர். திருஞானசம்பந்தரது காலத்தை ஆராய்ந்து சைவ உலகுக்குப் பெருந்தொண்டு செய்தவர். 1970-இல் அரசு விழாக்கட்கு உரியதாகிய அப்பாட்டை 2021 திசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, அது முல்லைப்பாணி எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியிற் பாடப்பட வேண்டும் என்று வரையறுத்தது. இசைத்தட்டை ஒலிக்கச் செய்யாது, பயின்றவர் வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றும் அது கூறிற்று. அரசாணைகளுள் பண்ணின் பெயரும் நடையின் பெயரும் குறித்து வருவது அரிது. இவ்வாணை அச்சிறப்பினை உடையது. ஆயினும் பள்ளியில் அது பெற்ற பயன் சிறிதே. காலை வணக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் எழுப்புவது பெரும்பாலும் உரத்த குரலேயன்றிச் சுருதி அன்று. ஒருவன் எடுத்த இடத்தில் மற்றொருவன் எடுப்பதில்லை. ஆண் ஆசிரியர் தமக்கு இயைந்த ஒன்றரைக் கட்டையில் எடுத்துக் கொடுப்பராயின், ஐந்து கட்டையில் எளிதாய்ப் பாட வல்ல சிறுமி தன் குரலை அடியிலே அழுத்தி முனகுகின்றாள், அல்லது கூவுகின்றாள். பாடத் தெரியாத பிள்ளை என்று அவளுக்குப் பெயர் வருகின்றது. பிழை எடுத்துக் கொடுத்த இடத்தில் உள்ளது.

ஓராண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இப்பாட்டு பாடப்படுகின்றது. ஐந்தாண்டில் ஆயிரம் முறை. ஆயிரம் முறை ஒரு பண்ணில் நின்ற பிள்ளைக்கு அப்பண்ணின் பெயர் தெரியாது. அதில் எத்தனை சுரம் உண்டு என்பது தெரியாது. மூன்றன் நடையைக் கையாற் போடத் தெரியாது. வாய்ப்பு இவ்வாறு வீணாதல் வேறெங்கும் காண்டற்கு அரிது. மோகனத்துக்குரியவை ஐந்தே சுரங்கள்: குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி. குழந்தையின் செவி எளிதிற் பற்றுவதும் ஐந்து சுரப் பண்களையே. ஆசிரியர் இசைவாணராக இருக்க வேண்டுவதில்லை. சுருதிப் பெட்டி இல்லையெனின் கைப்பேசியே இடையறாத சுருதியை ஒலிக்க வல்லது. அக்கருவிக்குப் பள்ளியில் உள்ள மிகச் சிறந்த பயன் அதுவேயாகலாம். பிள்ளைகட்கு இயைந்த கட்டையில் சுருதியை வைத்து, ஐந்து சுரத்தையும் ஏற்றியும் இறக்கியும் பாடுவித்து, தகிட தகிட என்று கை கொட்டுவித்து, பின்னர் அப்பாட்டைத் தொடங்கினால் கால் மணியும் ஆகாது. குழந்தைச் சம்பந்தர் கையாற் றாளமிட்டுப் பாடக் கண்டு, கை நோகுமே என்று இரங்கித் திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் அருளிய வரலாற்றைச் சைவர் ஓதி உருகுவர். பாடும் பிள்ளைக்கு அவன் அங்கே கொடுத்தது பொருளுரை அன்று, தாளம்.

சைவ அன்பருட் சிலர் இவ்விடத்தே ஒரு தடை எழுப்புவர். பள்ளியில் இசை கற்பிப்பதாயின் தேவாரத்தையே கற்பிக்க வேண்டும். அஃது இல்லாத வெறும் சுரப் பயிற்சியாற் சைவத்துக்கு வரும் பயன் என்னை? என்பது அது. நாஞ்சில் நாட்டுப் பொதுப் பள்ளியில் அருகருகே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சைவர், வைணவர், அய்யாவழியினர், கிறித்தவர், முசுலிம்கள் ஆகிய எல்லாரும் உளர். அரசின் நிதியால் முழுதும் நடைபெறும் கல்விச்சாலையில் சமயப் போதனை கூடாது என்று அரசமைப்பின் 28-ஆம் பிரிவு விலக்குகின்றது. இவ்விலக்கினால் சைவம் இழந்தது ஒன்றும் இல்லை. பிற சமயத்தார் வழிபாட்டைத் தம் பிள்ளைகள்மேற் சுமத்தாதிருக்கும் காப்பும் அதனாலேயே கிடைத்தது. தமிழ்ப் பண்ணின் ஆராய்ச்சிக்குக் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவர் என்பதையும், கோட்டாற்றிற் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் தமிழ்ச் சைவர்களால் எவ்வளவு போற்றப்பட்டார் என்பதையும் இத்தடை எழுப்புவார் மறந்திருக்க மாட்டார்.

தடைக்கு நேர் விடை பெரியபுராணத்திலேயே உள்ளது. ஆனாய நாயனார் திருவடிப் பேறு எய்தியது பதிகம் பாடியன்று, குழல் ஊதி. அஞ்செழுத்தை அவர் குழலிசையில் அமைத்தார் என்பது மெய்யே. ஆயின் கேட்டு நின்ற பசுவுக்கும் கன்றுக்கும் மயிலுக்கும் பாம்புக்கும் எட்டியது எழுத்தன்று, இசை. தம்முள் பகையுடைய உயிர்களும் ஒன்றன்மேல் ஒன்று சார்ந்து மயங்கி நின்றன என்று சேக்கிழார் பெருமான் விரித்தோதுவர். அவற்றை இறைவன் சைவம் கேட்டு வருமாறு ஏவியதாக அவர் கூறவில்லை. பல சமயத்துப் பிள்ளைகள் ஒரு சுருதியில் நிற்றலுக்கு இதனினும் சிறந்த ஓவியம் வேண்டுமோ? பண் தன்னளவிலேயே தூயது. அதனைப் பெற்ற செவி பின்னர் எப்பொருளைச் சாரும் என்பது வீட்டையும் கோயிலையும் பொறுத்தது.

சைவருக்கு வரும் பயனும் கண்கூடு. முல்லைப்பாணியின் ஐந்து சுரங்களோடு உழையும் தாரமும் வந்து சேருமாயின் காம்போதிக்குரிய சுரங்கள் அமைந்துவிடும். காம்போதியே ஓதுவார் மரபில் தக்கேசிப் பண்ணுக்கு உரியது. நாள்தோறும் பள்ளியிற் பாடும் வாழ்த்துக்கும் சுந்தரரது தக்கேசிப் பதிகங்கட்கும் இடையே உள்ள தொலைவு இரண்டே சுரம். காலையில் ஐந்தனையும் சுருதி பிறழாது பெற்ற பிள்ளை, தன் பெற்றோர் விருப்பத்தோடு மாலையில் திருக்கோயிலுக்கு வருமாயின், ஓதுவார்க்கு எஞ்சிய வேலை சிறிது. சுருதியே அறியாத பிள்ளைக்குத் தக்கேசியைக் கற்பிக்கப் புகும் ஓதுவார் படும் பாட்டை அவரே அறிவர்.

இவ்வாறிருக்க, சைவ சபைகள் பலவற்றின் செயலோ பள்ளியின் பிழையையே பின்பற்றுகின்றது. தேவார ஒப்புவித்தற் போட்டிகள் ஊர்தோறும் நடைபெறுகின்றன. பரிசு எதற்கு? எத்துணைப் பாட்டு, எத்துணைப் பிழையின்றி என்பதற்கு. பதிகத்தின் தலைப்பில் பண் இன்னது என்று அச்சிட்டிருந்தும் அது வினவப்படுவதில்லை. கொல்லிப் பதிகமும் கௌசிகப் பதிகமும் ஒரே ஓட்டத்தில் ஒப்புவிக்கப்பட்டு, கேட்டோர் கை தட்டிக் கலைகின்றனர். அருச்சனை பாட்டே என்று சுந்தரர்க்கு இறைவன் உணர்த்தியதைப் போற்றும் மரபினர், பாட்டிலிருந்து பாடுதலைக் கழித்துவிட்டுப் பரிசு வழங்குவது வியப்பே. அரசுப் பள்ளிக்காயினும் ஆசிரியர் பற்றாமை என்னும் சாக்கு உண்டு; சபைகட்கு அதுவும் இல்லை.

பள்ளியில் ஓசையைப் பொதுவாகவும், கோயிலில் பதிகத்தைச் சிறப்பாகவும் கற்பித்தலே செய்யத்தக்கது. வாணன்திட்டு மடம் பள்ளியோடு வழக்காடிக் கொண்டிருந்து கவிமணியை உண்டாக்கவில்லை. பள்ளி கொடாததனை மாலை வேளையில் தன் இடத்திலிருந்தே கொடுத்தது. நாஞ்சில் நாட்டுச் சிவாலயம் ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு இரு மாலை ஓதுவார் ஒருவர் அமர்ந்து, வந்த பிள்ளை எக்குலத்ததாயினும், பண்முறையிற் பாடுவிக்கலாம். சுசீந்திரத்துத் தாணுமாலயன் திருக்கோயிலில் ஒரே கல்லிற் குடைந்த சிறு தூண்கள் தட்டுந்தோறும் வேறு வேறு சுரம் எழுப்புமாறு சிற்பியர் அமைத்து வைத்தனர். கல்லுக்குச் சுரம் ஏற்றிய அவ்வூரில், பிள்ளைகட்குச் சுரம் ஏற்ற ஓர் ஓதுவார்க்கு இடம் இல்லாமற் போகாது.

அவர்க்குரிய ஊதியத்தைத் திருக்கோயில் கொடுப்பதா, சபையார் கொடுப்பதா என்பதனை அவ்வவ்வூரார் கூடி முடிவு செய்தல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரர்களையும், உடன் முழக்க உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்திய இராசராசன், ஒருவர்க்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கச் செய்தான். அவருள் ஒருவர் இறந்தாராயினும் நீங்கினாராயினும் அவரது உறவினர் அவ்விடத்துக்கு வர வேண்டும் என்றும், உறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரைத் தேர்ந்து இட வேண்டும் என்றும் அக்கல்வெட்டில் எழுதியுள்ளது.